பச்சைப் புள்ளி வைத்த நூறு கம்ப்யூட்டர்கள்

செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டத்தான் விஜயராணி ஜீஷான் கடைக்குப் போனாள். ஐந்து நிமிஷ வேலை. ஒட்டிக்கொண்டு, அப்படியே மீன் வாங்கிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்பது கணக்கு. கடைக்குள் கால் வைத்ததும் கணக்கெல்லாம் போயிற்று.

மேஜை மேல் ஒரு கறுப்புப் பெட்டி மூடி கழன்று கிடந்தது. ரப்பர் பொத்தான் வைத்த கீபோர்டு ஒரு பக்கம், பழுப்பு நிறச் சர்க்யூட் போர்டு மறுபக்கம். பிரஷ்ஷை வைத்து அதன் மேலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான் ஜீஷான்.

"லேய், இது மயூரால்லா?"

ஜீஷான் நிமிர்ந்து பார்த்தான். ஜெயினுலாப்தீன் மகன். தாராவியில் இவள் குடியிருக்கும் அதே சந்தில் பிறந்து வளர்ந்து, இப்போது தொண்ணூறு அடி ரோட்டில் சொந்தக் கடை போட்டு, இரண்டு பிள்ளைக்குத் தகப்பனும் ஆகிவிட்டவன். ஓடாத பழைய மெஷின் எதைக் கண்டாலும் விடமாட்டான்.

"அரே பெரிம்மா, ஒங்களுக்கு எப்படித் தெரியும்? இன்டர்நெட்லயே ரெண்டு போட்டோதான் இருக்கு."

"எப்படித் தெரியுமாவா? மொத நூறு பெட்டியும் இந்தக் கையால சோல்டர் வச்சதுலே."

ஜீஷான் சிரிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

அவள் அவனைக் கவனிக்கவே இல்லை. குனிந்து போர்டின் வலது மூலையைப் பார்த்தாள். ஒரு மிளகு அளவுக்குச் சிவப்பு நெயில் பாலிஷ். அப்படியானால் இது கூட வேலை பார்த்த பார்வதியம்மாள் கை. சோல்டர் வைத்த ஒவ்வொருத்தியும் தன் வேலைக்கு அடையாளமாக மூலையில் ஒரு புள்ளி வைக்க வேண்டும் என்பது இந்தப் பெட்டிகளைச் செய்த பட்டறையின் வழக்கம். விஜயராணிக்குப் பச்சை, பார்வதியம்மாளுக்குச் சிவப்பு. இது இரண்டாவது லாட்டில் வந்த பெட்டி. விஜயராணியை வெளியே தள்ளிய பிறகு செய்தது.

பிறகு அவள் கண் போர்டின் நடுவுக்கு வந்தது. அங்கேயே நின்றது.

பருப்பு அளவில் ஒரு மஞ்சள் பொருள், இரண்டு காலை ஊன்றிக்கொண்டு நின்றது.

"இத யாருலே வச்சா? நீயா?"

"இல்ல பெரிம்மா. ஏக்தம் ஒரிஜினல். போர்டுலயே ஓட்ட போட்டு, பக்கத்துல பேரும் அச்சடிச்சிருக்கு பாருங்க, சி-31. கெபாசிட்டர். இது இல்லன்னா மெஷின் சூடானதும் ஹேங் ஆயிடும்."

விஜயராணி அங்கே கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று அவன் கேட்டான். வேண்டாம் என்றாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. முப்பத்தேழு வருஷம் மூடி போட்டு வைத்திருந்த கோபம். அந்த மூடி இன்றைக்குத்தான் கழன்றது.

*

நடந்தது இதுதான்.

விஜயராணியின் அப்பா நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிடும் வேலை பார்த்தவர். அவளுக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினேழு வயதில் சயானில் ரேடியோ பட்டறை ஒன்றில் சோல்டர் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டாள் என்பது கூடச் சரியில்லை. முதல் நாள் கையில் ஈயம் உருக்கும் அயர்ன் கொடுத்தார்கள், மூன்றாம் நாள் மற்றவர்கள் அவளைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவள் வைக்கும் பாயிண்ட் ஒவ்வொன்றும் பளபளவென்று, சின்னக் கோபுரம் மாதிரி, மேலே ஒட்டாமல் கீழே வழியாமல் நிற்கும். ஈயம் எப்போது உருகி எப்போது பிடிக்கிறது என்பது அவளுக்கு மூக்கிலேயே தெரிந்தது.

இருபத்தோரு வயதில் அவளைக் கூப்பிட்டவர் சுரேந்திரன். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக ஆபீஸ் வேலை பார்த்த குடும்பம். இன்ஜினியர். சயானும் தாராவியும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், மாடியில், தகரக் கூரை போட்ட ஒரு அறையை வாடகைக்குப் பிடித்திருந்தார். இந்த ஊரில் பட்டறை அறையைக் காலா என்பார்கள். அந்தக் காலாவில் அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் செய்யப் போவதாகச் சொன்னார். டிவியில் சொருகினால் ஓடும், கேசட்டில் புரோகிராம் ஏற்றலாம், பிள்ளைகள் படிக்கலாம், விளையாடலாம். பெயர் மயூரா.

சொந்தமாகச் செய்தாரா என்றால், எங்கே செய்தார்! லண்டனிலிருந்து அவருடைய மச்சினர் ஒரு பெட்டி கொண்டு வந்திருந்தார். வெள்ளைக்காரன் செய்த பெட்டி. அதைப் பிரித்து, போர்டைத் தனியே எடுத்து, போர்டின் மேல் டிரேசிங் பேப்பர் வைத்து, ஒவ்வொரு கோடாக இழுத்துப் படம் எடுத்தார். அந்தப் படத்தைத்தான் போர்டாக அடித்தார்கள். அது அந்தக் காலத்தில் ஊருக்கே வழக்கம், அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. காப்பி அடித்தவன் காப்பி அடித்தேன் என்று சொல்லிவிட்டால் ஒரு சண்டையும் இல்லை.

அந்த லண்டன் பெட்டியின் போர்டை மாதிரிக்கென்று விஜயராணியின் மேஜையில் வைத்திருந்தார்கள். நாள் முழுக்க அதைப் பார்த்துப் பார்த்துத்தான் வேலை. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ அவள் ஒன்றைக் கவனித்தாள். நடுவில் இரண்டு ஓட்டை காலியாக இருந்தது. காலி ஓட்டை பல இருக்கும், அது பெரிய விஷயமில்லை. ஆனால் பொருளே வைக்காத ஓட்டை சுத்தமாக இருக்கும். இந்த இரண்டில் ஓரத்தில் பழைய ஈயம் வளையமாகப் படிந்திருந்தது, பக்கத்தில் தேன் நிறத்தில் கருகிய கறை. ஒரு பொருள் அங்கே இருந்திருக்கிறது. யாரோ அதைப் பிடுங்கியிருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் படித்தவளுக்கு அது என்ன பொருள் என்று தெரியாது. ஆனால் பிடுங்கிய இடம் தெரியும். பல்லு விழுந்த இடத்தையும் பல்லே முளைக்காத இடத்தையும் தாய்க்கு ஒருத்தர் சொல்லித்தர வேண்டுமா?

போய்ச் சொன்னாள். "சார், இங்கன ஏதோ இருந்திருக்கு. நம்ம படத்துல ஓட்டையே இல்ல."

சுரேந்திரன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவளைப் பார்த்தார். "வெள்ளைக்காரனே வைக்கலை. நீ வைக்கச் சொல்றியா? உன் வேலை பாயிண்ட் வைக்கிறது. அதைப் பார்."

பார்த்தாள். நூறு பெட்டி. மற்ற பெண்கள் சேருவதற்கு முன்னால், அவள் ஒருத்தியே செய்த நூறு. ஒவ்வொன்றின் மூலையிலும் பச்சைப் புள்ளி வைத்தாள்.

நவம்பரில் விற்க ஆரம்பித்தார்கள். குளிர்காலம் முழுக்க நன்றாக ஓடியது. மார்ச் வந்தது, வெயில் வந்தது, பெட்டிகளும் திரும்பி வந்தன. செம்பூரிலிருந்து, அணுசக்தி நகரிலிருந்து, தாதரிலிருந்து. முக்கால் மணி நேரம் ஓடி, கோடு கோடாக வந்து, அப்படியே நின்றுவிடுகிறது என்று எல்லோரும் ஒரே புகாரைச் சொன்னார்கள். ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது.

சூடானால் நிற்பது, ஆறினால் ஓடுவது. இந்தத் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது டிரை சோல்டர் என்றுதான். அதாவது ஈயம் பிடித்த மாதிரி தெரியும், உள்ளே பிடித்திருக்காது. வைத்தவளின் கைக்கோளாறு. திரும்பி வந்த பெட்டிகளை வரிசையாகத் திறந்து வைத்துக்கொண்டு, முதல் போட்ட பார்ட்னரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, சுரேந்திரன் சொன்னார்: "பாருங்க, எல்லாம் பச்சைப் புள்ளி."

பச்சை இல்லாமல் வேறென்ன இருக்கும்? விற்றதே பச்சைதானே! பதில் அவள் வாய் வரைக்கும் வந்தது. அவர்கள் கேட்கத் தயாராக இல்லை. மே மாதம் ஒரு திங்கட்கிழமை அவளை நிறுத்தினார்கள். திரும்பி வந்த பெட்டிகளில் ஒன்றை அவள் கையில் திணித்து, "உன் கைவரிசையை வீட்டுக்குக் கொண்டுபோய் வச்சுக் கும்பிடு" என்றார் சுரேந்திரன். மற்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வெளியே வரும்போது வாசல் ஓரம் நியூஸ் பேப்பரில் சுற்றி ஒரு கட்டு கிடந்தது. இரண்டாவது லாட்டுக்கு அடித்து வந்த புது போர்டுகள். முந்தின சனிக்கிழமை டெம்போவிலிருந்து அந்தக் கட்டை மாடிக்குச் சுமந்தவளே அவள்தான். அதைத் தாண்டித்தான் இறங்கினாள்.

அதற்குப் பிறகு சயானிலும் தாராவியிலும் எந்தப் பட்டறைக்குப் போனாலும் பெயர் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. டிரை சோல்டர் ராணி. முகத்துக்கு நேராகவே சொன்னார்கள், சிரித்துக்கொண்டே சொன்னார்கள். இரண்டு வருஷம் அலைந்து பார்த்துவிட்டு, தோல் பை பட்டறையில் பசை தடவும் வேலையில் சேர்ந்தாள். அங்கேயே இருபத்தெட்டு வருஷம். ஈயம் பிடித்த கையில் பசை. மாரிக்கண்ணனைக் கட்டினாள், மாலதியைப் பெற்றாள், மாரிக்கண்ணனைப் பறிகொடுத்தாள். வீட்டை மூன்று தடவை மாற்றினாள். மூன்று தடவையும் அந்தப் பெட்டி கட்டிலுக்கு அடியில் கூடவே வந்தது. "எடைக்குப் போடுட்டி" என்று மாரிக்கண்ணன் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனான். அவள் கேட்கவில்லை. தன் கை தப்புப் பண்ணவில்லை என்று அவளுக்குத் தெரியும். அதைக் காட்ட அந்தப் பெட்டியை விட்டால் அவளிடம் வேறொன்றும் இல்லை.

*

இப்போது ஜீஷான் மேஜையில் அந்த மஞ்சள் பருப்பைப் பார்க்கிறாள். அடித்த போர்டிலேயே ஓட்டை, அச்சடித்த பெயர். பின்னால் யாரோ ஒட்டவைத்தது இல்லை. படத்திலேயே சேர்த்திருக்கிறார்.

"ஏலே, படம் போட்டுக் குடுத்தா போர்டு அடிச்சு வர எத்தன நாளாவும்?"

"அப்பல்லாம் ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகும் பெரிம்மா."

அவள் சனிக்கிழமை சுமந்த கட்டு. திங்கட்கிழமை அவளை விரட்டினார். அப்படியானால் ஒரு மாசம் முன்னாடியே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து, சத்தமில்லாமல் படத்தைத் திருத்தி, போர்டு வந்து சேருகிற வரைக்கும் காத்திருந்து, அப்புறம்தான் பச்சைப் புள்ளியைக் காட்டியிருக்கிறார். படம் தப்பு என்று பார்ட்னரிடம் சொன்னால், காப்பி அடிக்கக்கூடத் தெரியாத இன்ஜினியர் என்றாகிவிடும். ஒரு தாராவிப் பெண்ணின் கை தப்பு என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. புது லாட் நன்றாக ஓடியதும் பழி இன்னும் கெட்டியாகிவிட்டது. பார், அவளை நிறுத்தினோம், பெட்டி ஓடுகிறது!

"படுபாவி," என்றாள் விஜயராணி. "தெரிஞ்சே பண்ணிருக்கான்."

ஜீஷானுக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லத் தயங்கினான். அந்தப் பெட்டி அவனுக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் அது. மாட்டுங்காவில் ஒரு சங்கம், வருகிற ஞாயிற்றுக்கிழமை சுரேந்திரனுக்குப் பாராட்டு விழா எடுக்கிறது. மேடையில் மயூரா ஓட வேண்டும், அதற்காகப் பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள். விழா மலரும் அச்சாகிவிட்டது. ஒரு பிரதியை இவனிடம் கொடுத்திருந்தார்கள். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க அவனுக்கு நாளாகும். படம் மட்டும் பார்த்து வைத்திருந்தான்.

விஜயராணி வாங்கிப் படித்தாள். ஒவ்வொரு வரியின் அடியிலும் விரலை ஓட்டிப் படித்தாள். ஏழாம் பக்கத்தில் விரல் நின்றது.

"முதலில் தயாரித்த நூறு கணினிகள், பயிற்சியற்ற ஒரு தாராவித் தொழிலாளியின் கைக்கோளாறால் பழுதாகித் திரும்பின. திரு. சுரேந்திரன் மனம் தளரவில்லை."

இரண்டு தடவை படித்தாள். மலரைத் தட்டென்று மேஜையில் வைத்தாள். பட்டறைகளில் சிரித்ததெல்லாம் காற்றில் போன பேச்சு. இது அச்சு. இனி அவள் செத்தாலும் இது இருக்கும்.

அரை மணி நேரத்தில் தன் பெட்டியைப் பழைய சேலையில் சுற்றிக் கொண்டுவந்தாள். ஜீஷான் திறந்து பார்த்தான். பச்சைப் புள்ளி மங்கவில்லை. பாயிண்டுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவன் வாயைத் திறந்தபடி இருந்தான். "பெரிம்மா, இது என்ன, மெஷின் வச்ச மாதிரி இருக்கு!" தன் அடாப்டரைக் கொடுத்து, கடையிலிருந்த டிவியில் சொருகினான். ஓடியது. தகரக் கூரை, ஏப்ரல் வெயில். நாற்பது நிமிஷத்தில் கோடு கோடாக வந்து நின்றது.

"ரெண்டு நிமிஷம் பெரிம்மா. அடியில ஒரு கெபாசிட்டர் வச்சா பக்கா ஆயிடும்."

"தொட்டேன்னா கைய ஒடிச்சிருவேன். அப்படியே இருக்கட்டும். ஞாயித்துக்கிழம அங்க வந்து நிக்கணும் இது."

"சண்ட போடவா போறீங்க?"

"பெட்டியக் காட்டப் போறேன். அந்த வரிய எடுக்கச் சொல்லப் போறேன். அவ்ளோதான்."

ஜீஷான் சங்கத்துக்குப் போன் போட்டான். செயலாளர் ஷாலினிக்கு ஒரே சந்தோஷம். முதல் லாட் மெஷினா! அதைச் செய்த தொழிலாளியே வருகிறாரா! அவருக்கும் ஒரு பொன்னாடை சொல்லிவிடுகிறேன் என்றாள். ஏழாம் பக்கத்துத் தாராவித் தொழிலாளி இவள்தான் என்பது அவளுக்குத் தெரியாது. ஜீஷானும் சொல்லவில்லை.

*

ஞாயிறு காலை பத்து மணிக்கு இரண்டு பெட்டிகளையும் மேடையில் ஒரே மேஜையில் வைத்து, இரண்டு டிவியில் சொருகி ஓடவிட்டார்கள். ஹால் நிறைய ஆள். முக்கால் மணி நேரத்தில் தன் பெட்டி நிற்கும், எல்லோரும் ஏன் என்று கேட்பார்கள், சொல்லிவிடலாம் என்று விஜயராணி நினைத்திருந்தாள்.

அதற்கு முன்னால் அவரிடமே ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். நியாயத்துக்கு அது ஒன்று உண்டல்லவா. மேடைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது. மெலிந்திருந்தார், கண்ணாடி மட்டும் அதே மூக்கு நுனியில்.

"ராணிதானே? நல்லா இருக்கியாம்மா?" என்றார், நேற்றுத்தான் லீவு கொடுத்து அனுப்பியவர் மாதிரி.

அவள் மலரைப் பிரித்து ஏழாம் பக்கத்தைக் காட்டினாள். "இந்த வரிய எடுக்கணும் சார்."

"அச்சாயிடுச்சேம்மா. உன் பேர் கூடப் போடலையே."

"பேரு போடாட்டா யாருன்னு எனக்குத் தெரியாதா? நாந்தான ஒருத்தி செஞ்சேன். அந்த மஞ்சக் கெபாசிட்டர் ரெண்டாவது லாட்டுல எப்படி வந்துச்சு?"

அவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "எவ்வளவோ வருஷம் ஆச்சு, இதெல்லாம் யாருக்கு ஞாபகம்? இன்னிக்கு நல்ல நாள், விட்டுடும்மா" என்றார். எழுந்து மேடைக்குப் போய்விட்டார்.

யாருக்கு ஞாபகமாம்! பசை நாற்றத்தில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவளுக்கு ஞாபகம். அதைத் திருப்பிச் சொல்லக்கூட ஆள் இல்லாமல் அவள் அந்த அறையில் நின்றாள்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. பெட்டி நிற்கவில்லை. ஒரு மணி ஆயிற்று. நிற்கவில்லை. திரையில் ஜீஷான் போட்ட பந்து விளையாட்டு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த விஜயராணிக்குக் கை சில்லிட்டது. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியபோதுதான் புரிந்தது. ஏசி. சூட்டில் நிற்கிற பெட்டியைக் குளிர் ஹாலில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். தன் மேலேயே ஆத்திரம் வந்தது அவளுக்கு.

சுரேந்திரன் மைக்கைப் பிடித்தார். லண்டன் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தான் யோசித்தது, தான் வரைந்தது, ராத்தூக்கம் இல்லாமல் உழைத்தது. பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்:

"முதல் நூறுல சோல்டரிங் கொஞ்சம் காலை வாரிடுச்சு. பாவம், தாராவிப் பொண்ணு, டிரெய்னிங் கிடையாது. நான் அவங்களைக் குத்தம் சொல்லலை. இன்னிக்கு அவங்களும் வந்திருக்காங்க! அதோ பாருங்க, அந்த முதல் லாட் பெட்டி. இன்னிக்கும் ஓடுது. கை தப்புப் பண்ணாலும் டிசைன் நின்னு பேசுது!"

கைதட்டல். ஷாலினி விஜயராணியை மேடைக்கு அழைத்தாள். மெரூன் நிறத்தில் கனமான பொன்னாடை. அதைச் சுரேந்திரன் கையாலேயே போர்த்த வைத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். குற்றவாளியை மன்னித்துப் பக்கத்தில் நிற்க வைத்தது போல இருந்தது அவளுக்கு. உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் குளிரில், அந்தத் துணிக்குள், நிஜமாகவே வேர்த்தது.

வேர்த்தது.

அவள் பொன்னாடையைத் தோளிலிருந்து உருவினாள். நான்காக மடித்தாள். நேராக மேஜைக்குப் போய்த் தன் பெட்டியின் மேல் போட்டு, காற்றுப் போகிற துளையெல்லாம் மறைகிற மாதிரி, குழந்தையைச் சுற்றுகிற மாதிரி இறுக்கிச் சுற்றினாள்.

"போர்த்தாதே!" என்று சுரேந்திரன் கத்தினார். கையில் மைக் இருந்தது. ஹாலின் நான்கு மூலையிலும் அந்தக் குரல் கேட்டது. "எடும்மா, எடு, சூடானா நின்னுடும்! அது முதல் லாட், அதுல சி-31 கிடையாது!"

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. மைக் கீழே இறங்கியது. முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் இன்ஜினியர்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

விஜயராணி திரும்பினாள். துணியை எடுக்கவில்லை.

"என்ன கெடயாது? இன்னொரு தடவ சொல்லுங்க சார். மைக்ல சொல்லுங்க."

அவர் மைக்கை மேஜையில் வைத்தார்.

"அப்ப நாஞ் சொல்லுதேன். லண்டன் பெட்டில அந்த எடத்துல பொருளப் புடுங்கியிருக்குன்னு மொதல்லயே இவருட்ட சொன்னேன். வெள்ளக்காரனே வைக்கலன்னாரு. பெட்டி எல்லாம் திரும்பி வந்த பெறகு இவருக்கே வெளங்கிருச்சு. படத்தத் திருத்திப் புது போர்டு அடிச்சு, அந்தக் கட்ட என் தலையிலயே சொமக்க வச்சு, ரெண்டு நாள் கழிச்சு என்னையத் தள்ளுனாரு. டிரை சோல்டர்னு பேரு வச்சு அனுப்புனாரு. அதுக்கப்புறம் இந்த ஊர்ல ஒருத்தன் என் கைல அயர்ன் குடுக்கல." மூச்சு வாங்கினாள். "ஏ ஜீஷான், என் பாயிண்டு எப்படி இருக்கு? சொல்லுலே."

ஜீஷான் மேடை ஓரத்திலிருந்து சொன்னான். "ஒண்ணு கூடத் தப்பு இல்ல. நான் பாத்தேன்."

அப்போது யாரோ கையை நீட்டினார்கள். பொன்னாடைக்குள் இருந்த பெட்டியைச் சொருகிய டிவியில் பந்து நின்றிருந்தது. கோடு கோடாக வந்தது. பக்கத்தில் பார்வதியம்மாள் பெட்டி எப்போதும் போல ஓடிக்கொண்டிருந்தது.

ஷாலினிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஓடிவந்து விஜயராணியின் கையைப் பிடித்தாள். "எனக்குத் தெரியாதும்மா, சத்தியமா. அடுத்த மாச இதழ்ல திருத்தம் போட்டுடறோம்."

"அடுத்த மாசம் யாரு படிப்பா? இன்னைக்கு இத வாங்கிட்டுப் போறவங்க வீட்டுல இதுதான இருக்கும். இப்ப எடுங்க."

"அச்சடிச்சதை எப்படிம்மா எடுக்கிறது?"

"பேனா இல்லயா? அடிங்க. நீங்க இல்ல. அவரு அடிக்கட்டும்."

வாசல் பக்கத்து மேஜையில் மலர்கள் அடுக்கியிருந்தன. முந்நூறு பிரதி. சுரேந்திரன் ஹாலைப் பார்த்தார். யாராவது பேச வருவார்களா என்று பார்த்தார். யாரும் வரவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்துபோய் உட்கார்ந்தார். ஏழாம் பக்கத்தைப் புரட்டி, அந்த வரியின் மேல் கோடு இழுத்து, அடுத்ததை எடுத்தார். விஜயராணி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். ஜனங்கள் வரிசையில் நின்று ஒவ்வொரு பிரதியாக வாங்கிப்போனார்கள். சிலர் அங்கேயே பிரித்துப் பார்த்தார்கள்.

அறுபதோ எழுபதோ ஆகியிருக்கும். அவர் பேனாவை வைத்துவிட்டு விரல்களை நீவினார்.

"கை வலிக்குதும்மா. மிச்சத்தை வேற யாராவது..."

"ஒரு பெட்டிக்கு எண்ணூறு பாயிண்டு வச்சேன் சார். நூறு பெட்டிக்கு வச்சேன்," என்றாள் விஜயராணி. "எனக்கும்தான் வலிச்சுது. அடிங்க."

அவர் பேனாவை எடுத்தார்.